நான்காவது பதிவில் அப்பா

அந்தப் பெண்ணின் முதல் பதிவை நான் பார்த்தது, கொரோனா அடங்கி மண்டபங்களை மறுபடி திறந்த வருஷத்தின் கார்த்திகை மாதம். நடப்பவற்றை நாள் போட்டு எழுதி வைப்பது எனக்கு வெகுகாலப் பழக்கம். எந்த ஐப்பசியில் ஏரி நிரம்பியது, எந்தக் கோடையில் பண்ணைக் கோழிகள் கூட்டமாகச் செத்தன, எங்கள் தெருவுக்குத் தார் எப்போது வந்தது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். ஒரு சிரிப்பு நிகழ்ச்சிக்கு நாள் குறித்தது அதுதான் முதல் முறை.

ஒரு மேடை, ஒரு மைக், ஒரு முக்காலி, அதன்மேல் தண்ணீர் பாட்டில். ஒரே ஆள் ஒரு மணி நேரம் நின்று பேசுவதை நாலைந்து கேமரா வைத்துப் பிடித்து இணையத்தில் விடுகிறார்கள். ஸ்டாண்ட்-அப் என்று பெயர். இவர் சென்னைக்காரர். மற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் இடத்தில் இவர் மைக்கைக் கிட்டே கொண்டுபோவார். சாதி, சாமி, கட்சி, கட்டில் எதையும் விடுவதில்லை. சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். சில இடங்களில் டிவியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டுதான் பார்த்தேன். குறைத்தேனே தவிர நிறுத்தவில்லை.

நான் ஓரளவு படிக்கிறவள். நல்ல எழுத்து எது என்று ஒரு கணக்கு எனக்குள் உண்டு. இவர் பேச்சு அந்தக் கணக்குக்குள் வரவில்லை, ஆனால் வெளியேயும் போகவில்லை. "எங்கப்பா எனக்கு முழுச் சுதந்திரம் குடுத்தாருங்க. நீ யாரை வேணா கட்டிக்கோன்னாரு. அப்புறம் ஒரு போட்டோவைக் காட்டினாரு." இவ்வளவுதான். நாவலில் ஓர் அத்தியாயம் எடுத்துக்கொள்ளும் விஷயம்.

அதே பதிவில் அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கதை வருகிறது. நினைவு தப்பியவர் தீவிர சிகிச்சை அறையில் கண்ணைத் திறக்கிறார். குடும்பமே அழுகிறது. அவர் கேட்கும் முதல் கேள்வி, "இந்த ரூம்ல ஏ.சி.க்குத் தனியா காசு புடிக்கிறானுங்களா?" கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. நானும் சிரித்தேன்.

இரண்டாவது பதிவு வருவதற்குள் அந்த அப்பா இறந்துபோயிருந்தார். அதை அவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். பிறகு அதே ஆஸ்பத்திரிக் கதையை எடுக்கிறார். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. அதே ஏ.சி., அதே கேள்வி. கூட்டம் சிரிக்கலாமா கூடாதா என்று தயங்கி, பிறகு சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, மேலே பார்த்து மெதுவாகச் சொன்னார்: "புடிச்சாங்கப்பா."

நான் டிவியை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்ச் சும்மா நின்றேன். இரண்டு பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால்தான் அவர் செய்தது என்னவென்று தெரியும். முதல் பதிவில் சொன்ன நகைச்சுவையை இரண்டாவது பதிவுக்காக விதைத்து வைத்தது போலிருக்கும். அப்படி இருக்க முடியாது. தகப்பன் சாகப் போவது யாருக்குத் தெரியும்? கையில் கிடைத்ததைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார், வேளை வந்தபோது எடுத்தார்.

மூன்றாவது பதிவைப் பார்க்கையில் எங்கள் அப்பாவும் உடன் இருந்தார். அப்பாவுக்குப் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் வெள்ளாமைக் காடும் ஒரு கோழிப்பண்ணையும். கண்புரை அறுவைக்காகச் சேலம் வந்தவர் எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கினார். டிவி பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னால் சொன்னதுதான். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். "கேக்கக் கூடாதுன்னு சொல்லலையே சாமி."

அந்தப் பதிவின்போது மண்டபத்துக்கு வெளியே ஒரு கூட்டம் நின்று அவருக்கு எதிராகக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தது. அது பதிவிலேயே கேட்கிறது. அவர் கதவைச் சாத்தச் சொல்லவில்லை. முதலில் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு பேச ஆரம்பித்தார். வெளியே ஒருவன் முழக்கத்தை எடுத்துக் கொடுப்பான், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள், அடுத்ததற்கு மூச்சு வாங்குவார்கள். அந்த மூச்சு வாங்கும் இடைவெளியில்தான் இவருடைய கடைசிச் சொல் ஒவ்வொன்றும் போய் உட்காரும். ஒரு தடவைகூடத் தவறவில்லை. வைதவர்களையே தனக்குத் தாளம் போட வைத்துவிட்டார்.

எனக்கு அது விளங்கச் சற்று நேரமாயிற்று. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அப்பா அதற்கு முன்பே பிடித்துவிட்டார். "வெளிய கத்தறவன் மூச்சு உடறப்பப் பேசுது பாரு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "தெறமைக்காரி," என்றார். என் அப்பா யாரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த மாசியில் சித்தப்பாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தம் ஆவணியில்.

இதைச் சொல்வதற்கு முன்னால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இடையில் இருந்ததைச் சொல்ல வேண்டும். சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. அவருடைய வீடு எங்கள் காட்டுக்கு மறு ஓரத்தில், கூப்பிட்டால் கேட்கும் தொலைவு. பத்து வருஷத்துக்கு மேலாக யாரும் கூப்பிடவில்லை. அந்த வீட்டைப் புதிதாகக் கட்டிக் குடிபோன வைகாசியில், முதல் நாள் சாயங்காலம் அப்பா வாழைத்தார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். வாசலில் நின்ற அண்ணனைத் தம்பி "வாங்க" என்று கூப்பிடவில்லை. அப்பா தாரை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். மறுநாள் விசேஷத்துக்குப் போகவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயம். எங்கள் பக்கம் வாசலுக்கு வந்தவரை, அவர் யாராயிருந்தாலும், வாயைத் திறந்து "வாங்க" என்று சொல்லியாக வேண்டும். கல்யாண மண்டப வாசலில் இதற்கென்றே நாலு பேரை நிறுத்துவார்கள். அந்தச் சொல் விழாத இடத்துக்குள் யாரும் கால் வைப்பதில்லை.

சித்தப்பா மகளைத் தூக்கி வளர்த்தது அப்பாதான். மொபெட்டின் முன்னால் நிற்க வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். சண்டைக்குப் பிறகு அவள் பஸ்ஸில் போனாள், பெரியப்பாவைப் பார்த்தால் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். நிச்சயமான செய்தி வந்த நாளிலிருந்து அப்பா அம்மாவிடம் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "பத்திரிகை அடிச்சாச்சாமா?" தம்பி நேரில் வந்து கூப்பிடாமல் இவர் போக மாட்டார். வாசல் வரை வந்து திரும்பிப் போனவர், கூப்பிட்டால் மட்டும் வருவாரா என்று அங்கே சித்தப்பா உட்கார்ந்திருந்தார். ஆவணி தாண்டிவிட்டால் பிறகு எதற்கும் வழியில்லை. பெண்ணின் கல்யாணத்துக்கே நிற்காத பெரியப்பாவுக்கும் அந்த வீட்டுக்கும் அதற்கப்புறம் என்ன இருக்கிறது?

பங்குனியில் அந்தப் பெண் தன் நான்காவது பதிவைச் சேலத்தில் வைத்துக்கொள்ளப் போவதாக அறிவிப்பு வந்தது. சென்னையை விட்டு வெளியே அவர் பதிவு செய்வது அதுவே முதல் தடவை. நான் போன் செய்து சொன்னதும் அப்பா, "எனக்கும் ஒரு டிக்கெட் எடு, நேர்ல பாக்கோணும்," என்றார்.

நிகழ்ச்சியன்று அப்பா வந்தது வெள்ளைச் சட்டை, கரை வேட்டி, தோளில் துண்டோடு. பண்ணைக்குத் தீவனம் வாங்கச் செவ்வாய்ப்பேட்டைக்கு வருவாரே, அந்தக் கோலம். வாசலில் எங்கள் போன்களை வாங்கி உறையில் போட்டுப் பூட்டினார்கள். அப்பா அந்தப் பையனிடம், "செருப்பை எங்கீங்க உடறது?" என்று கேட்டார். போட்டுக்கொண்டே உள்ளே போகலாம் என்றதும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். ஆனாலும் எங்களைப் போலக் குடும்பமாக வந்தவர்களும் இருந்தார்கள். மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது.

விளக்கு அணைந்து எரிந்தது. அவர் வந்தார். பதிவில் பார்ப்பதைவிடக் குள்ளம். "வணக்கம் சேலம்!" என்று கை தூக்கினார்.

முன்வரிசைகளிலிருந்து பல குரல்கள் ஒன்றாக வந்தன: "வாங்க! வாங்க!"

அவர் நின்றுவிட்டார். "என்னங்க இது? கை தட்டுவாங்க, விசில் அடிப்பாங்க. வாங்கன்னு யாரும் சொன்னதில்ல. நான் ஏற்கெனவே வந்துட்டேனே?"

சிரிப்பு. பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "சொல்லாம இருந்தா நல்லாவா இருக்குமுங்க?"

"சொல்லலைன்னா என்ன ஆயிடும்?"

"சண்டை ஆயிருமுங்க!" என்று பல பேர்.

"சும்மா கதை விடாதீங்க. ஒரு வார்த்தைக்கா? அப்படி யாருக்காவது ஆயிருக்கா?"

அது பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை. அடுத்த வரிக்குப் போவதற்கான படி. எனக்குத் தெரியும், அரங்கில் பெரும்பாலோருக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியவில்லை. அவரைப் பொறுத்தவரை மேடையிலிருந்து ஒருவர் சபையைப் பார்த்துக் கேட்கிறார். கோயில் கூட்டத்தில் கேட்டால் எப்படி எழுந்து நிற்பாரோ அப்படி எழுந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"சபைக்கு வணக்கமுங்க. எனக்கு ஆயிருக்குதுங்க."

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் ஒரு கேமரா எங்கள் பக்கம் திரும்பிவிட்டது.

முதல் மூன்று பதிவுகளிலும் இப்படி மாட்டிக்கொண்டவர்களை அவர் என்ன செய்தார் என்பது எனக்கு மனப்பாடம். ஒரு வங்கி மேலாளரை அரை மணி நேரம் வறுத்தெடுத்தவர். ஆனால் அவர் மேடையின் விளிம்புக்கு வந்து, "சொல்லுங்கய்யா," என்று மட்டும் சொன்னார்.

அப்பா சொன்னார். பெயர் சொல்லாமல், தம்பி என்று மட்டும் சொல்லி, வாழைத்தாரிலிருந்து ஆரம்பித்தார்.

"இருங்க, இருங்க. புது வீட்டு வாசல். மிதியடி போட்டிருந்தாங்களா?"

"போட்டிருந்தாங்க."

"அதுல வெல்கம்னு எழுதியிருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"அப்ப மிதியடியே சொல்லிடுச்சேய்யா! அப்புறம் என்ன?"

"அது எல்லாருத்துக்கும் சொல்றதுங்க அம்மிணி."

அரங்கம் வெடித்தது. அவரும் வெடித்தார். மைக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீர் குடிப்பது போல் திரும்பி நின்று சிரித்துவிட்டு வந்தார். அப்பா எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் மரியாதைக்குக் காத்திருந்தார்.

"சரி. உங்க தம்பி உங்களைப் பார்த்தாரா?"

"பாத்தானுங்க."

"பார்த்தும் வாயைத் திறக்கலை."

"தொறக்க முடியாதுங்களே. வாயில கயிறு இருந்துச்சு."

நான் அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அந்தச் சண்டையை நாள், மாதம், யார் யார் என்ன சொன்னார்கள் என்று முழுதாக எழுதி வைத்திருக்கிறவள் நான். கயிறு என்று ஒன்று அதில் எங்குமே இல்லை.

"கயிறா?"

"தோரணம் கட்டிட்டு இருந்தானுங்க. ஏணி மேல நின்னுட்டு ஒரு முனையத் தூண்ல கட்டிட்டு இருந்தான். கயித்தோட இன்னொரு பக்கம் வாயில கவ்வியிருந்தான். என்னையப் பாத்தான். தலைய ஆட்டுனான்." அப்பா சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். "தலையாட்டறது வாங்கன்னு சொன்ன மாதிரி ஆகுமுங்களா? எனக்கு அதுதான் தெரியோணும். சபைதான் சொல்லோணும்."

இதைச் சிரிப்புக்காக அவர் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கேட்க ஆளில்லாமல் வைத்திருந்த கேள்வி. சபையும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டது.

"ஆவாதுங்க!" என்று இடது பக்கத்திலிருந்து ஒருவர்.

"ஏன் ஆவாது? கையி ரெண்டும் வேலையா இருக்குது, வாயும் வேலையா இருக்குது, தலை ஒண்ணுதான சும்மா இருக்குது?"

"கயித்தத் துப்பிட்டுச் சொல்லியிருக்கலாமுங்க!"

"துப்புனா தோரணம் கீழ உழுகும். மங்கலக் காரியத்துல தோரணம் கீழ உழுகலாமா? என்னம்மா பேசற நீயி?"

"அண்ணன் பெருசா, தோரணம் பெருசா?"

மேடையில் இருந்தவரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவர் முக்காலியை நகர்த்திவிட்டு மேடைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார். தன் கையை விட்டுப் போன கூட்டத்தைப் பிடித்து இழுக்க அவருக்கு ஒரு வசவு போதும். இழுக்கவில்லை. கூட்டம் தானாக ஓய்ந்தது. ஓய்ந்த பிறகும் அவர் கொஞ்சம் பொறுத்தார். அப்பா இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"அய்யா, நான் ஒண்ணு கேக்கலாமா?" குரலில் விளையாட்டு இல்லை. "தம்பி ஏணி மேல நிக்கறார். ஒத்தை ஆள். கயிறைப் பல்லுல கவ்விக்கிட்டு நிக்கறார். அந்தக் கயிறை நீங்க போய் வாங்கிப் புடிச்சிருக்கலாமே?"

அப்பா வாயைத் திறந்தார். மூடினார்.

அந்த மௌனத்தை நான் என்னவென்று சொல்வது? எனக்குத் தெரிந்த எந்தப் பேச்சாளரும் அதை அப்படியே விட்டிருக்க மாட்டார். ஒரு கேலி போட்டு நிரப்பியிருப்பார். அவர் நிரப்பவில்லை. அப்பாவின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், அவசரமில்லாமல் உட்கார்ந்திருந்தார். பங்காளிகள் பேசிப் பார்த்திருக்கிறார்கள், அம்மாவும் சித்தியும் அழுது பார்த்திருக்கிறார்கள், நான் எழுதி எழுதிப் பார்த்திருக்கிறேன். தம்பி ஏன் சொல்லவில்லை என்பதைத் தவிர வேறு எதையும் எங்களில் யாரும் கேட்டதில்லை. எங்கள் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஒருவர், வந்த சில நிமிஷத்தில் அந்த இடத்தில் விரலை வைத்துவிட்டார்.

அப்பா உட்கார்ந்தார். அவர் எழுந்து, அப்பாவைப் பார்த்து லேசாகத் தலை வணங்கிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார். அதற்குப் பிறகும் வெகுநேரம் நிகழ்ச்சி நடந்தது. தோரணத்தை வைத்தே இன்னொரு கேலி சொன்னார், கூரை பறக்கும் அளவுக்குச் சிரிப்பு. எனக்கு எதுவும் முழுதாக மனதில் தங்கவில்லை.

முடிந்ததும் ஒரு பெண் வந்து எங்களை மேடைக்குப் பின்னால் அழைத்துப் போனாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். கிட்டத்தில் ரொம்பக் களைத்த முகம்.

"அய்யா, இது ஆடி மாசத்துல வெளிய வரும். உங்களுக்கு வீட்டுல பிரச்சினை ஆகும்னா சொல்லுங்க, நீங்க வர்ற பகுதியைத் தூக்கிடறேன்."

"தூக்கிருங்க," என்று நான் முந்திக்கொண்டேன். ஆடியில் இது வெளிவருகிறது, ஆவணியில் கல்யாணம். பெண்ணைப் பெற்றவரை ஊர் முழுக்கப் போனில் பார்த்துச் சிரிக்கும். அதற்கப்புறம் பத்திரிகையாவது, அழைப்பாவது.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "நான் சொன்னதுல பொய் இருந்தா வெட்டுங்க அம்மிணி. இல்லாட்டி இருக்கட்டும்."

"பொய் இருக்காய்யா?"

"இல்லீங்க."

"அப்ப நான் கேட்டதுக்குப் பதில்?"

"ரோசனை பண்ணோணும்," என்றார் அப்பா.

பதிவு ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வெளியானது. முதலில் நான் தனியாகப் பார்த்தேன். மண்டபத்தில் நான் பார்த்ததும் இதுவும் ஒன்றல்ல. அப்பா எழுந்து நின்றது நிகழ்ச்சியின் தொடக்கத்தில். பதிவில் "வாங்க" என்ற வரவேற்பு மட்டும்தான் தொடக்கத்தில் இருந்தது. அப்பாவைக் கடைசிக்குக் கொண்டுபோய்விட்டார். மிதியடி, கயிறு, சபையின் வாதம், பிறகு அந்தக் கேள்வி, பிறகு அந்த மௌனம். அதில் ஓர் இழையைக்கூட வெட்டவில்லை. அப்பா உட்கார்ந்ததும் திரை இருண்டது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. கூரை பறக்கச் சிரித்தோமே அந்தத் தோரணக் கேலி, அது இல்லை. அன்றைய இரவின் மிகப் பெரிய சிரிப்பு அது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு மௌனத்தை வைத்துக்கொண்டிருக்கிறார். சிரிக்க வைப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அந்தக் கடைசிப் பகுதியை மறுபடி போட்டுப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்துப் புதுச்சத்திரம் போனேன். பஸ்ஸிலேயே எனக்கு முன் சீட்டில் இருந்தவர் போனில் அப்பாவின் குரல் கேட்டது. "அது எல்லாருத்துக்கும் சொல்றதுங்க அம்மிணி." அவர் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்பா பண்ணையிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பதிவைப் பார்த்தாரா என்று கேட்டேன். பார்த்தேன் என்றார். அம்மா காப்பியைக் கையில் கொடுத்த நேரத்தில் என் போன் அடித்தது. திரையில் வந்த பெயரைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தேன். சித்தப்பா. சண்டை வந்த நாளிலிருந்து என்னிடமும் பேசாதவர்.

"சாமி, நல்லாருக்கறயா?"

"நல்லாருக்கறனுங்க சித்தப்பா."

"அந்தச் சென்னைப் பொண்ணோட நெம்பரு உங்கிட்ட இருக்குதா?"

"இல்லீங்களே. எதுக்குங்க?"

"ஊரெல்லாம் கயிறு கயிறுன்னு கேக்கறானுக. பால் ஊத்தப் போனா கயிறு, டீக்கடைக்குப் போனா கயிறு. கயிறு இல்ல சாமி. ஆணி."

"என்னங்க?"

"ஆணி. ரெண்டு ஆணிய ஒதட்டுல வெச்சிருந்தேன். ஒரு கையில சுத்தி, ஒரு கையில தோரணம். எவனாவது கயித்தப் போய் வாயில வெப்பானா? தப்பாப் போட்டிருக்குது. மாத்தச் சொல்லு."

கட்டிலிலிருந்து அப்பா, "யாரு?"

"சித்தப்பாங்க."

அம்மா வாசல்படியில் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னவாமா?"

"கயிறு இல்லையாமாங்க. ஆணியாமா."

"கயிறு," என்றார் அப்பா.

"அப்பா கயிறுதான்னு சொல்றாருங்க சித்தப்பா."

"ஆணின்னு சொல்லு."

"ஆணிங்கறாருப்பா."

"இங்க குடு." அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார். காதில் வைக்காமல் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேசினார். "கயிறுடா. என்ற கண்ணால பாத்தேன்."

அந்தப் பக்கத்திலிருந்து சித்தப்பா, "என்ற வாயில என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்களாண்ணா?"

"நீயா உன்ற வாயப் பாத்தே? நான்தான பாத்தேன்?"

"பாக்கறதுக்கு முந்தித்தான் தாரப் போட்டுட்டு ஓடிட்டீங்களே!"

"ஓடல. நடந்துதான் வந்தேன்."

"அந்த ஆணி இன்னும் தூண்லயேதான் இருக்குது. அடிச்சவன் நானு. வேணும்னா வந்து பாருங்க."

"வாரேன் இரு."

போனை என் கையில் கொடுத்துவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு காட்டு வரப்பில் இறங்கிவிட்டார். அம்மா என்னைத் தள்ளினார், "கூடப் போ, போ." நான் பின்னால் ஓடினேன்.

சித்தப்பா முன்கட்டுத் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கல்யாணத்துக்காக வீட்டுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். தூண்களின்மேல் நடுவில் எந்த வருஷமோ டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள், இடுப்பு உயரத்திலிருந்து உச்சிவரை, பழுப்பு நிறத்தில். அவர் கையில் உளியும் சுத்தியும் இருந்தன. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தூணைத்தான் பார்த்தார்கள். உள்ளிருந்து வந்த சித்தி "வாங்க மாமா" என்றார். அப்பாவின் காதில் அது விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

"எங்கடா ஆணி?"

"இதுக்குள்ளதான் இருக்குது." சித்தப்பா பக்கத்தில் கிடந்த முக்காலியில் ஏறி ஒரு டைலில் உளியை வைத்து ஓங்கி அடித்தார். அது நாலாகப் பிளந்து கீழே விழுந்தது. உள்ளே சிமென்ட் பூச்சு மட்டும்.

"அய்யோ, கல்யாண ஊட்டுல என்ன இது!" என்று சித்தி கத்தினார்.

"இதுக்கு மேல இருக்கும்." இரண்டாவது டைல். அதிலும் இல்லை. வியர்வை அவர் காதோரம் வழிந்தது. மூன்றாவதற்கு உளியை உயர்த்தினார். அவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. உள்ளிருந்து சித்தப்பா மகள் ஓடி வந்தாள், கூடத்தில் பிரித்துப் போட்டிருந்த புடவைகளில் ஒன்று அவள் காலில் சிக்கியிருந்தது. "அப்பா, போதுங்கப்பா!"

அப்பா முக்காலிக்கு அருகில் போய்ச் சித்தப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உடு. ஆணின்னே இருக்கட்டும்."

"இருக்கட்டுமா? அதென்னுங்ணா இருக்கட்டும்? ஆணிதான்."

"சரி. ஆணிதான்."

"நீங்க வாயில சொல்றீங்க, மனசுல இன்னும் கயிறுன்னுதான் நெனைக்கறீங்க."

"ஆணிடா. எறங்கு மொதல்ல. உழுந்து கால ஒடிச்சுக்கிட்டீன்னா பொண்ணுக்கு யாரு தாரை வாக்கறது?"

சித்தப்பா இறங்கினார். உளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவர் இறங்கும்வரை அப்பா மணிக்கட்டை விடவில்லை, இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை. சித்தப்பா மகள் உள்ளே போய்த் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் எடுத்து வந்து தன் அப்பா கையில் கொடுக்கப் பார்த்தாள். அவர் கையில் உளியும் சுத்தியும் இருந்தன.

"நீயே குடு சாமி," என்றார்.